பேரேட்டின் மேல் யாருக்கு அதிகாரம்?

இணையம் வந்த பிறகு நிறுவன வளத் திட்டமிடல் மென்பொருள் அடியோடு மாறிவிட்டது என்பதும், அந்த மாற்றம் நிறுவனங்களுக்கு ஒரு விடுதலையாக அமைந்தது என்பதும் இன்று ஏறத்தாழ எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டுவிட்ட கருத்துகள். கொள்முதல், சரக்கிருப்பு, உற்பத்தி, விற்பனை, சம்பளம், கணக்கு ஆகிய அனைத்தையும் ஒரே தரவுத்தளத்தில் பிணைத்து நடத்தும் இம்மென்பொருளைத் தொழில் உலகம் ஈஆர்பி என்ற சுருக்கப் பெயரால் அழைக்கிறது. ஒரு காலத்தில் பெரும் ஆலைகள் மட்டுமே, குளிரூட்டிய அறைகளில் சொந்த சர்வர்களை நிறுவி, ஆலோசகர் படையை அமர்த்தி, ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்ற வசதி, இன்று உலாவியைத் திறந்து மாதச் சந்தா கட்டும் எவருக்கும் கிடைக்கிறது என்றும், செலவு குறைந்தது, புதுப்பிக்கும் தொல்லை ஒழிந்தது, நிறுவனங்களுக்கிடையே நின்ற சுவர்கள் கரைந்தன என்றும் விற்பனைக் கூட்டங்களிலும் மேலாண்மைப் பாடநூல்களிலும் ஒரே குரலில் சொல்லப்படுகிறது.

இக்கருத்தின் ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அதை முழுமையாக ஏற்பவர், நடந்த மாற்றத்தை இல்லாத இடத்தில் தேடி, இருக்கும் இடத்தில் காணத் தவறுகிறார். ஈஆர்பியின் உள்ளே ஓடும் கணக்கு முறையில் இணையம் செய்த மாற்றம் மிகச் சிறிது. அது பெயர்த்தெடுத்தது பேரேட்டின் மேல் இருந்த அதிகாரத்தை. எந்த மென்பொருள் எப்போது மாற வேண்டும், அதற்குள் யார் நுழையலாம், ஓர் ஆவணம் எப்போது செல்லுபடியாகும், எல்லாமே எப்போது நின்றுபோகும் என்பனவற்றைத் தீர்மானிக்கும் உரிமை நிறுவனத்தின் கையிலிருந்து வெளியே சென்று, ஒரு பங்கு மென்பொருள் விற்பனையாளரிடமும் மற்றொரு பங்கு அரசிடமும் சேர்ந்துவிட்டது.

ஈஆர்பியின் மூலக்கரு இணையத்துக்கு மட்டுமன்றித் தனிக்கணினிக்கும் முந்தியது. 1960களில் அமெரிக்க உற்பத்தி ஆலைகளில் மூலப்பொருள் தேவையைக் கணினி கொண்டு கணக்கிடும் முறை உருவாயிற்று. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜோசப் ஓர்லிக்கி 1975இல் வெளியிட்ட நூல் அதற்கு இலக்கணம் வகுத்தது. அந்த முறை இன்றும் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கோவையின் பம்பு ஆலை ஒன்றைக் கற்பனை செய்து அறியலாம். அடுத்த மாத இறுதியில் 500 பம்புகளை அனுப்புவதாக அந்த ஆலை ஒப்புக்கொண்டிருந்தால், பம்பின் பொருட்பட்டியலை, அதாவது ஒரு பம்பைச் செய்ய எந்த உதிரிபாகம் எத்தனை வேண்டும் என்ற பட்டியலை, மென்பொருள் எடுத்து விரிக்கிறது. பம்பு ஒன்றுக்கு ஓர் இம்பெல்லர் என்றால் 500 இம்பெல்லர்கள் தேவை. கிடங்கில் 120 உள்ளன, ஏற்கெனவே ஆர்டர் கொடுத்ததில் 80 வரவிருக்கின்றன. ஆகவே 300 வாங்க வேண்டும். வார்ப்பாலை அவற்றைத் தர 14 நாள் எடுத்துக்கொள்ளும் என்று பதிவாகியிருப்பதால், தேவைப்படும் நாளிலிருந்து 14 நாள் பின்னோக்கி எண்ணி, அன்று கொள்முதல் ஆணை போட வேண்டும் என்று மென்பொருள் அறிவிக்கிறது. வார்ப்பாலை உண்மையில் 21 நாள் எடுத்துக்கொள்வதாக இருந்து, பதிவேட்டில் மட்டும் 14 என்று நின்றால், சர்வர் ஆலையின் பின்னறையில் இருந்தாலும் அயர்லாந்துத் தரவு மையத்தில் இருந்தாலும் ஆணை ஒரு வாரம் பிந்தியே போகும். கணக்கை வேகமாகப் போட்டுக்காட்டுவதில் இன்றைய கணினிகள் பெரிதும் முன்னேறியுள்ளன என்பது மெய். பிழையான தரவிலிருந்து பிழையான விடையை விரைந்து பெறுவதை ஒரு புரட்சி என்று கொள்ள இயலாது.

நிகழ்நேரம் என்ற பண்பும் இவ்வாறே இணையத்தின் கணக்கில் தவறாக வரவு வைக்கப்படுகிறது. ஐபிஎம்மிலிருந்து விலகிய பொறியாளர்கள் ஐவர் 1972இல் மேற்கு ஜெர்மனியில் தொடங்கிய எஸ்ஏபி, தன் முதல் மென்பொருளை ஐசிஐ நிறுவனத்தின் ஓஸ்ட்ரிங்கன் நைலான் ஆலைக்காக எழுதியபோதே, துளையட்டைகளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து இரவில் மொத்தமாகக் கணக்கிடுவதற்கு மாறாக, பதிவு செய்த கணமே கணக்கில் ஏற வேண்டும் என்பதைத்தான் தன் கொள்கையாகக் கொண்டது. 1979இல் வந்த ஆர்/2 பெருங்கணினியில் ஓடியது. 1992இல் வந்த ஆர்/3, திரையைத் தனிக்கணினியிலும் கணக்கை ஒரு சர்வரிலும் தரவை இன்னொரு சர்வரிலும் பிரித்து வைத்தது. கார்ட்னர் ஆய்வு நிறுவனம் ஈஆர்பி என்ற பெயரை வழங்கிய 1990ஆம் ஆண்டில் உலகளாவிய வலை பொதுமக்களைச் சென்றடைந்திருக்கவில்லை. சரக்கு கிடங்கில் இறங்கியதும் இருப்பு ஏறுவது, அதே பதிவே கணக்கரின் பேரேட்டில் பற்றும் வரவுமாக விழுவது, விற்பனை ஆணையிலிருந்து விநியோகச் சீட்டும் அதிலிருந்து இன்வாய்ஸும் சங்கிலியாகப் பிறப்பது ஆகிய ஈஆர்பியின் மெய்யான சாதனைகள் அனைத்தும் இணையம் வருவதற்கு முன்பே நிறைவேறிவிட்டன.

பின்னர் இணையம் வந்தது. 1998இல் நெட்லெட்ஜர் என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் நெட்சூட் ஆன நிறுவனம் கணக்கு மென்பொருளை உலாவி வழியாகவே வழங்கியது. 1999இல் எஸ்ஏபி தன் தொகுப்புக்கு மைஎஸ்ஏபி டாட் காம் என்று பெயர் சூட்டியது. 2000இல் பீப்பிள்சாஃப்ட் தன் எட்டாம் பதிப்பை முழுக்க இணையக் கட்டமைப்பில் அமைந்ததாக அறிவித்து வெளியிட்டது. ஆயினும் ஆர்/3இல் விற்பனை ஆணையைப் பதிவு செய்ய விஏ01 என்று தட்டிய ஊழியர், 2015இல் அதன் வாரிசாக வந்த எஸ்/4ஹானாவைத் தம் நிறுவனமே நிறுவி நடத்தும் இடங்களில் இன்றும் அதே விஏ01ஐத் தட்டி அதே பணியைச் செய்யலாம். இடையில் தரவுத்தளம் மாறியது, அட்டவணைகள் சில இணைக்கப்பட்டன, திரை அழகு பெற்றது. வணிகம் பற்றி மென்பொருள் கொண்டிருக்கும் புரிதல் அப்படியே நிற்கிறது. இது குறையன்று. இரட்டைப் பதிவு முறைக் கணக்கு பல நூற்றாண்டுகளைத் தாண்டியும் நிலைப்பது போல, நல்ல கணக்கு முறை நெடுங்காலம் நிலைப்பது இயல்பு. அந்த நிலைபேற்றை மறைத்து, எல்லாமே புதிதாயிற்று என்று பறைசாற்றுவதே குறை.

எனில் மாறியது எது என்ற கேள்விக்கு விடை, பல்குத்தகை முறை என்று அழைக்கப்படும் கட்டமைப்பில் இருக்கிறது. இம்முறையில் மென்பொருளின் ஒரே ஓட்டம் ஆயிரக்கணக்கான நிறுவனங்களுக்கு ஒருசேரச் சேவை செய்கிறது. ஒவ்வொரு நிறுவனத்தின் தரவும் தனித்தனியே பிரித்துக் காக்கப்படுகிறது. நிரல் மட்டும் அனைவருக்கும் பொது. விற்பனையாளருக்கு இதனால் கிடைக்கும் சிக்கனம் பெரிது. ஆனால் நிரல் பொது என்பதால், அது மாறும்போது அனைவருக்கும் ஒரே நேரத்தில் மாறியாக வேண்டும். விற்பனையாளரின் தரவு மையத்தில் ஓடி இணையம் வழியே கிடைக்கும் இத்தகைய சேவைக்கு மேகம் என்று பெயர். எஸ்/4ஹானாவின் பொது மேகப் பதிப்பு ஆண்டுக்கு இரு முறையும், ஆரக்கிளின் ஃபியூஷன் மேகத் தொகுப்பு காலாண்டுக்கு ஒரு முறையும் புதுப்பிக்கப்படுகின்றன. பழைய முறையில் ஓர் ஆலை தன் மென்பொருளைப் பத்தாண்டுகள் தொடாமல் வைத்திருக்கலாம். அப்படி வைத்திருப்பது அறிவீனமாகக்கூட இருக்கலாம். என்றாலும் அந்த முடிவு ஆலையுடையது. தீபாவளி விற்பனைக்கு முந்திய வாரத்திலோ ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச்சிலோ எதையும் தொடாதே என்று சொல்லும் அதிகாரம் அதன் கணினிப் பிரிவு மேலாளருக்கு இருந்தது. இன்று நாட்காட்டி விற்பனையாளரிடமிருந்து வருகிறது. வாடிக்கையாளருக்குக் கிடைப்பது, குறிக்கப்பட்ட நாளுக்குள் தன் பணிகளைச் சோதித்து முடிக்கும் கடமை மட்டுமே. புதுப்பிக்கும் தொல்லை ஒழிந்தது என்று சொல்பவர்கள், ஐந்தாண்டுக்கு ஒருமுறை வந்த தொல்லை ஓயாது வந்துகொண்டிருக்கும் தொல்லையாக மாறியதைக் கணக்கில் எடுப்பதில்லை.

செலவைப் பற்றிய வாதமும் இதேபோல் பாதிக் கணக்கோடு நின்றுவிடுகிறது. பழைய முறையில் நிறுவனம் உரிமத்தை ஒருமுறை விலைக்கு வாங்கி, அந்த விலையில் ஆண்டுக்குச் சுமார் 22 விழுக்காட்டைப் பராமரிப்புக் கட்டணமாகச் செலுத்தியது. இக்கட்டணம் அநியாயமானது என்று குறைபட்டவர்கள் பலர். அவர்களுடைய குறையில் நியாயம் இருந்தது. ஆனால் கட்டணம் கட்டுவதை நிறுத்தினால் திருத்தங்களும் உதவியும் நிற்குமே தவிர, மென்பொருள் நிற்காது. அந்த ஓர் உரிமையை ஊன்றுகோலாகக் கொண்டே, விற்பனையாளருக்கு வெளியே பாதி விலைக்குப் பராமரிப்பு வழங்கும் நிறுவனங்கள் தோன்ற முடிந்தது. விலைப் பேச்சில் வாடிக்கையாளருக்கு ஒரு பிடி இருந்தது. சந்தா முறையில் கட்டணம் நின்ற நாளில் மென்பொருளும் நிற்கிறது, சில காலத்துக்குப் பின் தரவும் அகற்றப்படுகிறது. தொடக்கச் செலவு குறைந்தது என்பதை எவரும் மறுக்க வேண்டியதில்லை. அந்தக் குறைவுக்கு ஈடாக, மறுத்துப் பேசும் வலு கையளிக்கப்பட்டது என்பதே சேர்த்துச் சொல்ல வேண்டியது. இந்த வலு எவ்வளவு இழக்கப்பட்டது என்பது 2023 ஜூலையில் தெளிவாயிற்று. செயற்கை நுண்ணறிவு உள்ளிட்ட புதிய வசதிகள் இனி மேகச் சந்தாவுக்கு வந்தவர்களுக்கு மட்டுமே என்று எஸ்ஏபியின் தலைமை அறிவித்தபோது, எஸ்/4ஹானாவைச் சொந்த சர்வரில் நிறுவுவதற்குப் பெருந்தொகை செலவிட்டிருந்த நிறுவனங்கள் திகைத்தன. ஜெர்மன் மொழி பேசும் பயனர்களின் சங்கம் வெளிப்படையாகக் கண்டித்தது. எஸ்/4ஹானாவுக்கு முந்தைய பழைய தொகுப்புக்கான வழக்கமான பராமரிப்பு 2027இல் முடிவதாகவும் தேதி குறிக்கப்பட்டிருக்கிறது. தேதியைக் குறிப்பதும் விற்பனையாளர், அதற்குப் பின் செல்லும் பாதையைக் குறிப்பதும் விற்பனையாளர் என்ற நிலையில், மேகத்துக்கு மாறும் நிறுவனங்களின் எண்ணிக்கையை மேகத்தின் சிறப்புக்குச் சான்றாகக் காட்டுவது முறையாகாது.

மேகத்தில் உள்ள ஈஆர்பி எளிதில் நிறுவப்படுவது, தோல்வி காணாதது என்ற நம்பிக்கைக்கு எதிரான கண்கூடான சான்று இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகர மன்றம். 1999 முதல் எஸ்ஏபியைக் கொண்டு இயங்கிய அம்மன்றம், 2022 ஏப்ரலில் ஆரக்கிளின் மேகத் தொகுப்புக்கு மாறியது. தொடக்கத்தில் சுமார் 2 கோடி பவுண்டு என்று போடப்பட்ட செலவு, பின்னர் 10 கோடியைத் தாண்டும் என்ற மதிப்பீட்டில் போய் நின்றது. பணம் போனதைவிடக் கொடிது, பணம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போனது. வங்கிக்கு வந்து சேரும் ஒவ்வொரு தொகையையும், வீட்டு வாடகையோ உள்ளாட்சி வரியோ பள்ளிக் கட்டணமோ, அதற்குரிய கணக்குத் தலைப்போடு பொருத்திப் பார்ப்பதே வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு எனப்படும் பணி. மன்றத்தின் தேவைக்கேற்பத் திருத்தி அமைக்கப்பட்ட அந்தப் பகுதி சரியாக வேலை செய்யவில்லை. வந்த தொகைகளை ஊழியர்கள் கையால் பொருத்த வேண்டியதாயிற்று. தணிக்கைக்கு ஏற்ற ஆண்டுக் கணக்கைத் தர மன்றத்தால் இயலவில்லை. 2023 செப்டம்பரில் மன்றம் நடைமுறையில் திவாலானதை அறிவிக்கும் சட்ட அறிவிப்பை வெளியிட்டது. அதற்குத் தலையாய காரணம் சம ஊதிய வழக்குகளால் ஏறிய பெருங்கடன். எனினும் தன் நிதிநிலையைத் தானே தெளிவாகக் காண முடியாத நிலையில் மன்றம் அந்த நெருக்கடியை எதிர்கொண்டது.

இதற்கு மேகத்தின் ஆதரவாளர்கள் தரும் விடை, மன்றம் மென்பொருளைத் தன் வழக்கத்துக்கு வளைத்ததே தவறு, மென்பொருளின் வழக்கத்துக்குத் தன்னை வளைத்திருக்க வேண்டும் என்பது. மன்ற நிர்வாகத்தின் மேற்பார்வையில் பெருங்குறைகள் இருந்தன என்பதைத் தணிக்கையாளர்களும் சொன்னார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த விடையே மறுக்கப்பட வேண்டிய கருத்தை அம்பலப்படுத்துகிறது. வாடகை வசூலும் பள்ளி நிதியும் முதியோர் பராமரிப்பும் சட்டத்தால் விதிக்கப்பட்ட கடமைகள். தனியார் வணிகத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட மென்பொருளின் வசதிக்காக அவற்றை வளைக்க ஒரு மாநகர மன்றத்துக்கு எல்லையற்ற சுதந்திரம் இல்லை. நிறுவனத்துக்கும் மென்பொருளுக்கும் இடையிலான இந்த இழுபறி 1999இலும் இருந்தது. அந்த ஆண்டில் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் ஆர்/3ஐயும் துணைத் தொகுப்புகளையும் அவசரமாக நிறுவி, ஹாலோவீன் பண்டிகைக்குக் கடைகளுக்கு மிட்டாய் அனுப்ப முடியாமல் தவித்தது. சொந்த சர்வரில் ஹெர்ஷி பட்டதையும் மேகத்தில் பர்மிங்காம் பட்டதையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, சர்வரின் இருப்பிடம் நோய்க்கும் மருந்துக்கும் தொடர்பற்றது என்பது விளங்கும்.

சுவர்கள் கரைந்தன என்ற வாதம் மேலும் நுணுகிப் பார்க்கத்தக்கது. நிறுவனங்கள் ஆணைகளையும் இன்வாய்ஸ்களையும் கணினி வழியே பரிமாறிக்கொள்வது இணையத்தால் வந்ததன்று. மின்னணுத் தரவுப் பரிமாற்றம் என்ற பெயரில் அது 1970களிலேயே வழக்கில் இருந்தது. எடிஃபேக்ட் என்ற பன்னாட்டுத் தரம் 1987இல் ஏற்கப்பட்டது. தனியார் பிணையங்களுக்குக் கட்டிய கட்டணத்தை இணையம் மிச்சப்படுத்தியது. சிறு வழங்குநர்களையும் உள்ளே கொண்டுவந்தது. அதைத் தாண்டிச் சொல்லப்பட்ட கனவு வேறு விதமாக முடிந்தது. 2000இல் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, டெய்ம்லர் கிரைஸ்லர் ஆகிய மூன்று கார் நிறுவனங்கள் சேர்ந்து கோவிசின்ட் என்ற பொதுக் கொள்முதல் சந்தையை அறிவித்தபோது, உதிரிபாக வணிகம் முழுவதும் ஒரே இணையத்தளத்துக்கு வந்துவிடும் என்று எழுதப்பட்டது. தம் விலையையும் இலாபத்தையும் மூன்று பெரும் வாங்குநர்களின் கண்முன் ஒருசேர விரித்து வைக்க உதிரிபாகம் செய்பவர்கள் விரும்பாதது இயல்பே. 2004இல் கோவிசின்ட் விற்கப்பட்டு வேறு வேலைக்குப் போயிற்று. நிறுவனங்களுக்கிடையே நின்ற சுவர்களை எழுப்பியது தொழில்நுட்பக் குறைபாடன்று, நலன்களின் முரண். அந்த முரணை உலாவியால் தீர்க்க முடியாது.

இணையம் உண்மையிலேயே கதவைத் திறந்த இடத்தில் நிகழ்ந்தது என்ன என்பதை, பிரிட்டனின் மதுபான நிறுவனமான டியாஜியோவுக்கு எதிராக எஸ்ஏபி தொடுத்த வழக்கு காட்டுகிறது. முன்பு டியாஜியோவின் வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் ஆர்டர் சொல்ல, அழைப்பு மையத்து ஊழியர்கள் அதை எஸ்ஏபியில் பதிந்தார்கள். அந்த ஊழியர்களுக்கு உரிமக் கட்டணம் கட்டப்பட்டிருந்தது. பின்னர் வாடிக்கையாளர்கள் இணையத்தில் தாமே ஆர்டர் போடும் வகையிலும், விற்பனைப் பிரதிநிதிகள் தம் கைக்கருவியில் பதியும் வகையிலும், சேல்ஸ்ஃபோர்ஸ் தளத்தின் மேல் இரு செயலிகள் எழுதப்பட்டன. அச்செயலிகள் இடைநிலை மென்பொருள் வழியாக எஸ்ஏபியோடு பேசின. அவற்றைப் பயன்படுத்திய ஒவ்வொருவரும் எஸ்ஏபியை மறைமுகமாகப் பயன்படுத்துகிறார், ஆகவே அவருக்கும் கட்டணம் வேண்டும் என்று எஸ்ஏபி 5.45 கோடி பவுண்டு கோரியது. கட்டணம் கட்டும் பொறுப்பு டியாஜியோவுக்கு உண்டு என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு எஸ்ஏபி, வெளிச் செயலிகள் உருவாக்கும் ஆவணங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் முறையைக் கொண்டுவந்தது. தன் ஊழியர்கள் உழைத்துத் திரட்டிய தன் சொந்தத் தரவை, தன் வாடிக்கையாளர்கள் வந்து தொடுவதற்கு ஒரு நிறுவனம் மூன்றாம் தரப்புக்கு எண்ணிக்கைப்படி வரி கட்டும் நிலைக்கு எல்லைகளின் மறைவு என்று பெயரிடுவது எவ்வகையிலும் பொருந்தாது. எல்லை எங்கும் போகவில்லை. அதன் காவல் கைமாறியிருக்கிறது.

அதிகாரத்தின் மற்றொரு பங்கு அரசிடம் சென்றதைப் பற்றி ஈஆர்பியைக் குறித்த பேச்சுகளில் அரிதாகவே குறிப்பிடப்படுகிறது. ஆனால் ஆழத்தில் இதுவே பெரிய மாற்றம். இன்வாய்ஸ் என்பது காலங்காலமாக விற்பவர் வாங்குபவருக்கு எழுதிக் கொடுக்கும் தனிப்பட்ட ஆவணம். வரி அதிகாரி அதைப் பின்னர் ஒரு நாள் தணிக்கையில் பார்ப்பார். பிரேசில், சிலி, மெக்சிகோ ஆகிய நாடுகள் இந்த வரிசையைத் தலைகீழாக்கின. இத்தாலி 2019இல் பின்தொடர்ந்தது. இந்தியாவில் 2020 அக்டோபர் 1 முதல், 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் பிற நிறுவனங்களுக்குக் கொடுக்கும் இன்வாய்ஸை முதலில் அரசு நியமித்த பதிவுத் தளத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதிக்கப்பட்டது. வரம்பு படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியாயிற்று. தளம் அந்த ஆவணத்தைச் சோதித்து, 64 எழுத்துகள் கொண்ட தனி அடையாள எண்ணைக் கொடுத்து, மின்கையொப்பமிட்டு, கியூஆர் குறியீட்டோடு திருப்பி அனுப்புகிறது. அது வராத இன்வாய்ஸ், சரக்குச் சேவை வரி விதிகளின்படி இன்வாய்ஸாகவே கருதப்படாது. ரத்து செய்ய வேண்டுமானால் 24 மணி நேரத்துக்குள் அதே தளத்தில் செய்ய வேண்டும்.

இது நடைமுறையில் என்ன பொருள் தருகிறது என்பதை அந்தப் பம்பு ஆலையின் வாயிலில் பார்க்கலாம். சரக்கு லாரியில் ஏறிவிட்டது, இருப்பிலிருந்து கழிக்கப்பட்டுவிட்டது, ஈஆர்பியின் திரையில் இன்வாய்ஸ் தயார். வாங்குபவரின் வரிப் பதிவு எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலோ அவருடைய பதிவு ரத்தாகியிருந்தாலோ தளம் பிழைச் செய்தியைத் திருப்பி அனுப்புகிறது, அடையாள எண் இல்லை, அது இல்லாமல் இன்வாய்ஸைக் கொடுக்க முடியாது, லாரி நிற்கிறது. 1992இல் ஒரு விற்பனை ஆவணத்தை முடித்துவைக்கும் இறுதிச் சொல் ஆலையின் சொந்தத் தரவுத்தளத்தில் இருந்தது; இன்று அது வெளியிலுள்ள ஒரு சர்வரின் விடையில் இருக்கிறது. வாங்கியவர் பெறும் உள்ளீட்டு வரி வரவும், விற்றவர் அந்த இன்வாய்ஸை அரசுத் தளத்தில் காட்டியிருப்பதைப் பொறுத்தே 2022 ஜனவரி முதல் அமைகிறது. ஆகவே ஒரு நிறுவனத்தின் பேரேடு சரியாக இருந்தால் மட்டும் போதாது, அரசு வைத்திருக்கும் நகலோடு அது பொருந்த வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தின் தடத்தையும் பதிவு செய்ய வேண்டும், அந்தப் பதிவை நிறுத்தி வைக்க வழி இருக்கக் கூடாது என்ற விதியும் நடைமுறையில் உள்ளது.

இவை வரி ஏய்ப்பைத் தடுக்கின்றன, போலி இன்வாய்ஸ்களைக் குறைக்கின்றன என்பது உண்மை. அரசின் நோக்கத்தைக் குறை கூறுவது இங்கு வாதமன்று. கவனிக்க வேண்டியது, இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு மேகமே தேவைப்படவில்லை என்பது. பெங்களூரில் 1986இல் தொடங்கப்பட்ட டேலி நிறுவனத்தின் மென்பொருள் இன்னமும் பெரும்பாலும் கடைக்காரரின் சொந்தக் கணினியிலேயே நிறுவப்பட்டு ஓடுகிறது. அதைப் பயன்படுத்தும் சிறு ஆலையும், பல நூறு கோடி செலவில் மேக ஈஆர்பிக்கு மாறிய பெருநிறுவனமும், இன்வாய்ஸ் என்று வரும்போது ஒரே அரசுத் தளத்தின் வாயிலில் ஒரே வரிசையில் நிற்கின்றன. இணையம் ஈஆர்பியை எப்படி மாற்றியது என்ற கேள்விக்கு மேகத்தை மட்டும் விடையாகச் சொல்பவர்கள், இந்திய வணிகம் அன்றாடம் உணரும் மிகப் பெரிய மாற்றத்தையே விடையிலிருந்து விட்டுவிடுகிறார்கள்.

அதிகாரம் கைமாறியதன் முழுக்கனமும் நெருக்கடியில்தான் தெரியவரும். உக்ரைன் போர் தொடங்கிய பின் 2022 மார்ச்சில் ரஷ்யாவில் தன் மேகச் சேவையை மூடுவதாக எஸ்ஏபி அறிவித்தது; தரவை அழித்துவிடலாம், திரும்பப் பெறலாம், அல்லது ரஷ்யாவுக்கு வெளியே உள்ள தரவு மையத்துக்கு மாற்றலாம் என்பவையே தடைப் பட்டியலில் இல்லாத வாடிக்கையாளர்களுக்கு விடப்பட்ட வழிகள். ஏற்கெனவே வாங்கிய மென்பொருளைச் சொந்த சர்வரில் வைத்திருந்தவர்கள், ஆதரவும் திருத்தமும் இழந்தார்கள். ஆனால் அவர்களுடைய பேரேடு திறந்தே இருந்தது. போரைத் தொடுத்த நாட்டின் மீதான தடைகள் நியாயமானவை என்று கருதுபவரும், இவ்விரு நிலைகளுக்கும் இடையிலுள்ள தொழில்நுட்ப வேறுபாட்டைக் காண முடியும். போரோடு நேரடித் தொடர்பற்ற இந்தியாவுக்கும் இத்தகைய துண்டிப்பு எட்டியது. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் ஏறத்தாழ பாதிப் பங்கு வைத்திருக்கும் நயாரா எனர்ஜி, குஜராத்தின் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் இந்திய நிறுவனம். 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதன் மீது தடை விதித்ததைத் தொடர்ந்து, அமெரிக்க நிறுவனமான மைக்ரோசாஃப்ட் அதற்கு அளித்துவந்த மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை நிறுத்தியது. நயாரா தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது; சில நாட்களில் சேவை மீண்டது. எந்த இந்தியச் சட்டமும் மீறப்படாத நிலையில், இந்திய மண்ணில், கட்டணம் செலுத்தப்பட்ட சேவை நின்றது. நின்றது மின்னஞ்சலாக இல்லாமல் ஈஆர்பியாக இருந்திருந்தால், கச்சா எண்ணெய்க் கொள்முதலும் சம்பளமும் இன்வாய்ஸும் அதே நாளில் நின்றிருக்கும்.

இதற்கு மறுமொழியாகச் சிறு நிறுவனங்களின் நன்மை எடுத்துக்காட்டப்படுவதுண்டு. அந்த நன்மை மெய்யானது. இருபது பேர் வேலை செய்யும் திருப்பூர்ப் பின்னலாடைக் கூடம் ஒன்று, கணினிப் பொறியாளர் எவரையும் அமர்த்தாமல், ஒழுங்காக நகலெடுத்துக் காக்கப்படும் கணக்கு முறையை மாதம் சில ஆயிரம் ரூபாய்க்குப் பெற முடிவது, 1995இல் நினைத்தும் பார்க்க முடியாத வசதி. பாதுகாப்பிலும், பூட்டாத பின்னறையில் தூசி படிந்து நிற்கும் சர்வரைவிடத் தேர்ந்த தரவு மையம் மேலானது. ஆனால் இந்த நன்மைகளுக்கு அதிகாரத்தை முழுதாகக் கையளிப்பது கட்டாய விலை என்று யாரும் நிறுவிக் காட்டவில்லை. மும்பையிலிருந்து வரும் ஈஆர்பிநெக்ஸ்ட் திறந்த நிரல் உரிமத்தில் கிடைக்கிறது. அதை மேகச் சந்தாவாகவும் பெறலாம், மனம் மாறினால் அதே நிரலையும் தரவையும் எடுத்துச் சென்று சொந்த சர்வரில் நிறுவவும் செய்யலாம். தொழில்நுட்பம் இரு வழிக்கும் இடம் தருகிறது. எந்த வழி சந்தையில் முன்னிறுத்தப்படுகிறது என்பது வணிகத் தெரிவு.

ஐரோப்பிய ஒன்றியம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த அதன் தரவுச் சட்டம், மேகச் சேவை வாங்கும் நிறுவனம் இரண்டு மாதத்துக்கு மேற்படாத முன்னறிவிப்புடன் வேறு வழங்குநருக்கோ தன் சொந்தக் கட்டமைப்புக்கோ மாறிச் செல்லும் உரிமையைத் தருகிறது. மாறுவதற்கென்று வாங்கும் கட்டணத்தை 2027 ஜனவரி 12 முதல் முற்றாகத் தடை செய்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் தனிமனிதர்களின் மின்னணுத் தரவைக் காக்கிறது. கம்பெனியின் பேரேடு அதன் வரம்புக்குள் வருவதில்லை. 2022இல் திருத்தப்பட்ட கம்பெனி கணக்கு விதிகள், மின்னணுக் கணக்கேடுகள் எந்நேரமும் இந்தியாவில் அணுகக் கிடைக்க வேண்டும், அவற்றின் நகல் நாள்தோறும் இந்தியாவிலுள்ள சர்வரில் எடுக்கப்பட வேண்டும் என்கின்றன. அந்த விதி வரி அதிகாரியும் தணிக்கையாளரும் கணக்கைப் பார்ப்பதற்காக எழுதப்பட்டது. சேவை நின்ற மறுநாள் கம்பெனி தன் வணிகத்தைத் தொடர்ந்து நடத்த, தரவின் நகல் மட்டும் போதாது. அந்தத் தரவைப் படித்து இயக்கும் மென்பொருளும் குறைந்தது சில மாதங்களுக்காவது ஓட வேண்டும். சேவை நிறுத்தப்படும் முன் தரவேண்டிய கால அவகாசம், தரவு எந்த வடிவில் திருப்பித் தரப்படும் என்ற வரையறை, ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதத்தில் புதுப்பிப்பைத் தள்ளி வைக்கும் உரிமை ஆகிய மூன்றும் இன்று பெரும்பாலும் விற்பனையாளர் எழுதித் தரும் ஒப்பந்தப் படிவத்தில், விற்பனையாளர் விரும்பியவாறு நிரப்பப்படுகின்றன. அவற்றைப் பேசித் திருத்தும் வலு பெருநிறுவனங்களுக்கு ஓரளவு உண்டு. திருப்பூர்க் கூடத்துக்கு இல்லை. ஆகவே சட்டம் முதலில் நுழைய வேண்டிய இடம் அந்தப் படிவம்.